இரும்புக் கூண்டுக்குள் வெள்ளிவிழா

அத்தியாயம் 4

திருச்சி நகரில் ஒரு மரம் காணாமற்போனால் அதைப் பற்றிக் கவலைப்படுவார் ஒருவரும் இலர். இருபத்துநான்கு மரங்கள் ஓர் இரவில் காணாமற்போனாலோ, அதற்கு ஒரு சங்கமும், ஒரு புகாரும், ஒரு குற்றவாளியும், மாலையில் ஒரு விழாவும் தேவைப்படுகின்றன. 1985ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில் இவை அனைத்தும் ஒரு குறையுமின்றி அமைந்திருந்தன.

துப்பறியும் நிபுணர் அருள்நாதனின் அலுவலகம் தில்லை நகரில், பல் மருத்துவர் ஒருவரின் கிளினிக்கிற்கு நேர் மேலே இருந்தது. கீழ்த்தளத்து நோயாளிகள் எழுப்பும் அலறலைக் கேட்டு, மேல்தளத்தில் விசாரணை மிகக் கடுமையாக நடைபெறுவதாக அக்கம்பக்கத்தார் நம்பி வந்தனர். அந்த நம்பிக்கையைக் கலைக்கும் அநாகரிகச் செயலில் அருள்நாதன் ஒருபோதும் இறங்கியதில்லை.

அன்று நண்பகலில் படியேறி வந்த இளம்பெண், வாசலிலேயே தயங்கி நின்றாள்.

"உள்ளே வாங்க. கீழே கத்தறது கடைவாய்ப் பல்லு. நாங்க ஒண்ணும் பண்ணலை," என்று வரவேற்றாள் உதவியாளர் அக்னஸ். தட்டச்சில் ஹையர் தேறியவள். வாயில் அதற்கும் மேல் தேறியவள்.

"எம் பேரு ஆரிஃபா, சார். எங்க அத்தாவை மரம் திருடினார்னு காலையில ஸ்டேஷனுக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"எத்தனை மரம்?" என்றார் அருள்நாதன்.

"இருபத்துநாலு."

"என்ன மரம்?"

"அது புகார்ல இல்லைங்க, சார்."

அருள்நாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார். தாம் இழந்த பொருள் இன்னதென்று அறியாத பறிகொடுத்தோரை அவர் அதுவரை சந்தித்ததில்லை.

ஆரிஃபா கூறிய செய்தி இதுவே. அவளுடைய தந்தை அப்துல் மாலிக், ஸ்ரீரங்கம் மாம்பழச்சாலைக்கும் அம்மா மண்டபத்துக்கும் இடையே டிம்பர் டிப்போ நடத்தி வருபவர். டிப்போவின் வாசலிலிருந்து எதிரே ஆற்றுப் பக்கம் வரை கிடக்கும் திடலில்தான், காவேரிக் கரைப் பசுமைப் பாதுகாப்புச் சங்கம் என்னும் மாண்புமிகு அமைப்பு ஆண்டுதோறும் தன் ஆண்டுவிழாவைக் கொண்டாடுகிறது. ஆண்டுக்கு ஒரு சிறப்பு விருந்தினர். அவர் திருக்கரத்தால் ஒரு மரம். அம்மரத்துக்கு ஒரு புரவலர் வழங்கும் இரும்புக் கூண்டு. இன்று மாலை வெள்ளிவிழா. சென்னையிலிருந்து தாவரவியல் பேராசிரியை டாக்டர் லூர்துராணி வருகிறார். மரங்களைத் தம் கண்ணால் எண்ணிப் பார்த்த பிறகே சங்கத்துக்கு விருது என்று அவர் அறிவித்திருந்தார். இன்று காலையில் சங்கச் செயலாளர் சம்பத்குமாரன் காவல் நிலையம் சென்று, நேற்றிரவு இருபத்துநான்கு மரங்களும் கூண்டோடு களவுபோயின என்று எழுதிக் கொடுத்துவிட்டார்.

"பக்கத்துல ரம்பமும் லாரியும் வெச்சிருக்கிறது எங்க அத்தா மட்டும்தான். அதான் சாட்சியாம். அஞ்சு மணிக்கு மேடையில அவரை நிறுத்தி அறிவிக்கப் போறாங்க, சார். அதுக்கப்புறம் ரிமாண்ட். வெள்ளிக்கிழமை உள்ளே போனா திங்கக்கிழமை வரைக்கும் ஜாமீனுக்கு வழியில்லை. டிப்போ லைசென்ஸையும் ரத்து பண்ணச் சொல்லித் தீர்மானம் போடறாங்களாம்."

ஆரிஃபா மேசைமேல் வைத்த விழா அழைப்பிதழை அக்னஸ் எடுத்து வாசித்தாள். "இறைவணக்கம். வரவேற்புரை. பொன்னாடை போர்த்துதல். மரத்திருடன் பற்றிய அறிவிப்பு. நன்றியுரை. காலையில புகார், மதியத்துக்குள்ள பிரிண்ட் ஆகி வந்திருக்கு பாருங்க சார். நம்ம விசிட்டிங் கார்டுக்கு அந்த அச்சகத்துல மூணு வாரமா அலையறேன்."

"நீங்கள் அந்த மரங்களைப் பார்த்ததுண்டா?" என்று ஆரிஃபாவைக் கேட்டார் அருள்நாதன்.

"நான் பொறந்ததே அந்த ரோட்டுலதான், சார். எங்க டிப்போ வாசல்ல நிக்கிற புங்கமரத்தைத் தவிர அங்கே வேற மரத்தை நான் பார்த்ததே இல்லை. எஸ்.ஐ. கிட்ட அதைத்தான் சொன்னேன். 'திருடன் மக வேற எப்படிச் சொல்லும்'னுட்டார்."

அருள்நாதன் சங்கத்தின் வெள்ளிவிழா மலரைப் புரட்டினார். விளம்பரம் கேட்டு வந்தவர்கள் விட்டுச் சென்ற பிரதி அது. இருபத்துநான்கு புகைப்படங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு பெரிய மனிதர், ஒரு சிறிய கன்று, ஒரு பூவாளி. ஒவ்வொரு கூண்டிலும் வெவ்வேறு புரவலரின் பெயர்.

"இருபத்துநாலு பேர் சொந்தக் கையாலே நட்டிருக்காங்க. நடவே இல்லைன்னு சொல்ல முடியாது. வளர்ந்ததை ஒருத்தரும் பார்க்கலை. இது கொஞ்சம் சுவாரசியமா இருக்கு," என்றார் அவர்.

"எனக்குச் சுவாரசியமா இல்லைங்க, சார்," என்றாள் ஆரிஃபா.

அருள்நாதன் வெட்கமடைந்து எழுந்தார். "மன்னிக்கணும்மா. அஞ்சு மணிக்குள்ள உங்க அத்தாவை அனுப்பி வைக்கிறோம். அக்னஸ், கிளம்பு. மரத்தை எரிச்சிடலாம், அறுத்துடலாம், கட்டில் பண்ணிப் படுத்துக்கலாம். இரும்பை வித்துத்தான் ஆகணும். கூண்டு எங்கே போச்சுன்னு பார்ப்போம்."

*

பாலக்கரையில் பழைய இரும்புக் கடை வைத்திருந்த ஜெகபர் சாதிக், அருள்நாதனின் லாம்ப்ரெட்டா ஸ்கூட்டர் வந்து நின்றதும் அதனை ஒரு வியாபாரியின் கனிவோடு நோக்கினார்.

"வாங்க சார். கடைசியில கொண்டு வந்துட்டீங்களா? எடைக்கா, முழுசாவா?"

"இது ஓடற வண்டி, பாய்," என்றாள் அக்னஸ்.

"அப்படியா? சத்தத்தை வெச்சுத் தப்பா நினைச்சிட்டேன்."

அருள்நாதன் வந்த காரியத்தைச் சொன்னார். சாதிக் சிரித்தார்.

"இருபத்துநாலு மரக்கூண்டா? சார், இந்த ஊருல எந்த இரும்பு களவு போனாலும் பொழுது விடியறதுக்குள்ள பஜாருக்கே தெரியும். சாக்கடை மூடி வரும். தெருக்குழாய் வரும். ஒரு தடவை கல்யாண மண்டபத்து கேட்டே வந்துச்சு, மாலையோட. மரக்கூண்டு வரலை. வராது."

"வராதுன்னு எப்படிச் சொல்றீங்க?"

"ஏன்னா எங்கூண்டையே நான் பதிமூணு வருஷமாத் தேடிட்டு இருக்கேன்!" சாதிக் ஸ்டூலை இழுத்துப் போட்டார். "எழுபத்தொண்ணுல அந்தச் சங்கத்துக்கு நானும் ஒரு புரவலர். மத்தவங்க மாதிரி பெயிண்ட்ல பேரு எழுத நான் சம்மதிக்கலை. மழை பெஞ்சா போயிடும்ல? தகட்டுல உளி வெச்சு அடிச்சு, பேரும் வருஷமும் போட்டு, நானே கொண்டு போய்க் கூண்டுல முறுக்கிட்டு வந்தேன். அடுத்த வருஷ விழாவுக்கு வீட்டுல எல்லாரையும் கூட்டிட்டுப் போய்த் தேடறேன், கூண்டைக் காணோம். செயலாளரைக் கேட்டா, 'உங்க மரம் நன்னா வளர்ந்துடுத்து, உள்பக்கமா தள்ளி வெச்சிருக்கோம்'னார்."

"வளர்ந்த மரத்தையா தள்ளி வெச்சாங்க?" என்றாள் அக்னஸ்.

"நானும் அப்ப யோசிக்கலைம்மா. பொன்னாடை போர்த்தியிருந்தாங்க. வேர்வையில ஒண்ணும் தோணலை."

அருள்நாதன் நன்றி கூறி விடைபெற்றார். லாம்ப்ரெட்டாவைக் கிளப்புவதற்கு ஐந்தாறு உதைகள் தேவைப்பட்டன. சாதிக் நம்பிக்கையை இழக்காமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

*

காவேரிப் பாலத்தின் மேல் காற்று பலமாக வீசியது. ஆடி கழிந்த ஆறு இரு கரையையும் தொட்டுக்கொண்டு ஓடியது. மறுகரையில், டிப்போ வாசலில், இடுப்பளவு அகன்ற அடிமரமும் பந்தல் போன்ற கிளைகளும் உடைய புங்கமரம் தொலைவிலிருந்தே தெரிந்தது. அதன் நிழலுக்குள் ஓர் அங்குலமும் வெளியே நீளாதபடி மேடை அமைக்கப்பட்டிருந்தது. "மரம் உயிர்; அதை வருத்தாதீர்" என்னும் மாபெரும் துணிப்பதாகை, அம்மரத்தின் உடம்பிலேயே நீண்ட ஆணிகளால் அறைந்து கட்டப்பட்டிருந்தது. ஓர் ஆணியைச் சுற்றிப் பிசின் போன்ற சாறு வழிந்து உறைந்திருந்தது.

மேடையின் ஓரத்தில் போலீஸ் ஜீப் நின்றது. அதன் பின்னிருக்கையில் அப்துல் மாலிக் அமர்ந்திருந்தார். அறுபதைக் கடந்த, ஒடிசலான மனிதர். நாற்காலிகளைத் தேடி வந்த சங்க உறுப்பினர்கள் ஒவ்வொருவராக ஜீப்பை எட்டிப் பார்த்துவிட்டு, கண்காட்சியின் ஒரு பகுதியைக் கண்ட திருப்தியோடு நகர்ந்தனர். ஆரிஃபா ஜீப்பின் அருகே போய் நின்றுகொண்டாள்.

"ஸ்வாமி, வரணும், வரணும்!" என்று கைகூப்பியவாறு வந்தார் செயலாளர் சம்பத்குமாரன். ரயில்வே கணக்குப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். சரிகை அங்கவஸ்திரத்திலிருந்து இன்னும் ஓய்வு பெறாதவர். "துப்பறியும் நிபுணர்னா! தேவரீர் எழுந்தருளினது சங்கத்தோட பாக்யம். ஆனா திருடன் கெடச்சுட்டானே!"

"திருடு போன இடத்தைத் தரிசிக்கலாமா?" என்றார் அருள்நாதன், அதே பணிவோடு.

செயலாளர் ஆற்றுப் பக்கத்துத் திடல் முழுவதையும் ஒரு கையசைப்பில் அளந்தார். "இதோ, இப்படியே பூராவும் ஒரு நந்தவனம், ஸ்வாமி!"

திடலில் முழங்கால் அளவுக்குக் கோரைப்புல் வளர்ந்து காற்றில் அசைந்துகொண்டிருந்தது. எருமை ஒன்று அதன் நடுவே நின்று மேய்ந்தது.

"வெட்டின அடிக்கட்டை ஒண்ணும் காணோமே?"

"வேரோட பிடுங்கிண்டு போயிட்டான்."

"அப்போ குழி இருக்கணுமே?"

"மூடிட்டான். மகா சாமர்த்தியசாலி."

"மூடின மண்ணுல ஒரே ராத்திரியில இவ்வளவு புல்லா, சார்?" என்றாள் அக்னஸ். "எங்க வீட்டுத் தொட்டியில மூணு மாசமா ஒரு கொத்தமல்லி வரலை. அந்தத் திருடரை எங்க வீட்டுக்கு ஒரு நடை அனுப்புங்களேன்."

செயலாளர் புன்னகை செய்தார். அது புன்னகை செய்யவேண்டிய இடந்தானா என்பதில் அவருக்கே ஐயம் இருந்தது.

"எழுபத்தேழு வெள்ளத்துல கொஞ்சம் போயிருக்கலாம் இல்லையா?" என்று ஒரு தப்பும் வழியை நீட்டினார் அருள்நாதன்.

"வெள்ளமா? ஒண்ணுகூட அசையலை, ஸ்வாமி! ஊரே முங்கித்து, நம்ம மரங்கள் மட்டும் நின்னுது. 'வெள்ளத்தை வென்ற மரங்கள்'னு அடுத்த வருஷம் கேடயம் கொடுத்தாளே. அதோ மேஜைமேல இருக்கு."

வெள்ளி முலாம் பூசிய கேடயம் மாலை வெயிலில் மின்னியது. தப்பும் வழியைத் தாமே ஏழாண்டுகளுக்கு முன் பூட்டிச் சாவியையும் கண்ணாடிப் பேழையில் வைத்துவிட்ட மனிதரை அருள்நாதன் இரக்கத்தோடு பார்த்தார்.

மேடைக்கு இடப்புறம், பெரிதாக்கிய புகைப்படங்கள் வரிசையாகத் தொங்கின. மலரில் தபால்தலை அளவில் கண்டவை இங்கே முழ அளவில் இருந்தன. அக்னஸ் ஒவ்வொன்றின் முன்பும் நின்று நகர்ந்தாள். பாதி வரிசையில் திரும்பி வந்து அருள்நாதனின் சட்டைக் கையைச் சுண்டினாள்.

"சார், விருந்தாளிங்க மூஞ்சியைப் பார்க்காதீங்க. அதுக்குத்தான் இத்தனை வருஷமா எல்லாரும் பார்த்துட்டு இருக்காங்க. கூண்டோட மேல் வளையத்தைப் பாருங்க."

அருள்நாதன் பார்த்தார். 1961ஆம் ஆண்டின் சிறப்பு விருந்தினர், உடற்கட்டில் மிகச் சிறப்பானவர். கூண்டின்மீது சாய்ந்து நின்றார். மேல் வளையம் அவர் முழங்கையின்கீழ் உள்வாங்கி வளைந்திருந்தது. 1962ஆம் ஆண்டின் விருந்தினர் ஒல்லியானவர். ஆயினும் அவருடைய கூண்டின் வளையமும் அதே இடத்தில் அவ்வாறே வளைந்திருந்தது. 1970, 1976, 1982. புரவலர்கள் மாறினார்கள், வளைவு மாறவில்லை.

"இருபத்துநாலு கூண்டுக்கும் ஒரே இடத்துல மூக்கு உடைஞ்சிருக்கு. பரம்பரை வியாதியா இருக்குமோ?" என்றாள் அக்னஸ்.

அவர்கள் மேடைக்கு முன்பக்கம் வந்தனர். இன்றைய விழாவுக்கான கூண்டு அங்கே தயாராக நின்றது. பளீரென்ற பச்சை. அதன் தகட்டுப் பலகையில் "உபயம்: செல்வநாயகி முறுக்கு நிலையம், மணப்பாறை" என்று மஞ்சள் எழுத்துகள். உள்ளே புதிதாகக் கிளறிய மண். பக்கத்தில் தகர வாளியில் ஒரு வேப்பங்கன்று.

"தொடாதீங்கோ! பெயிண்ட் ஈரம்!" என்று தொலைவிலிருந்து கூவினார் செயலாளர்.

"பெயிண்ட் ஈரம். அடி சிமெண்ட்டைப் பாருங்க. பாசி பிடிச்சு, அதுல சின்னதா ஒரு செடியும் முளைச்சிருக்கு," என்று முணுமுணுத்தாள் அக்னஸ். "சங்கத்துல தானா வளர்ந்தது அது ஒண்ணுதான் போல."

அவள் முறுக்கு நிலையத்தின் பெயர்மீது விரலை ஓட்டினாள். நகர்ந்த விரல் நின்றது. திரும்பி வந்தது. கண்ணை மூடிக்கொண்டு மறுபடியும் தடவினாள். கண் திறந்தபோது அவள் முகத்தில் கேலி இல்லை.

"சார். மேலே முறுக்கு. அடியில வேற பேரு இருக்கு. மேடு பள்ளமாத் தட்டுது. உளி வெச்சு அடிச்சது."

அருள்நாதன் தம் சட்டைப்பையிலிருந்து கைக்குட்டையை எடுத்து அவள் விரலிலிருந்த பச்சையைத் துடைக்கக் கொடுத்தார். ஜீப்பின் பக்கம் ஒருமுறை பார்த்தார்.

"இப்பக் கூட்டத்தைக் கூட்டாதே. அவங்களாவே கூட்டியிருக்காங்க. இன்னும் கொஞ்ச நேரத்துல மைக்கும் கொடுப்பாங்க."

*

டாக்டர் லூர்துராணி கறுப்புக் குடையும் கான்வாஸ் ஷூவுமாக வந்து இறங்கினார். மாலையை மறுத்தார். பன்னீரை மறுத்தார். "மரம் எங்கே?" என்றார். அதற்குப் பதிலாக இறைவணக்கம் தொடங்கியது.

வரவேற்புரையில் செயலாளர் சங்கத்தின் கால் நூற்றாண்டுத் தியாகத்தை விளக்கினார். மரங்களைப் பற்றிப் பேசும்போது அவர் குரல் தழுதழுத்தது. பெற்ற பிள்ளைகளைப்போல் வளர்த்ததாகக் கூறினார். அப்பிள்ளைகள் வேம்பா, புன்னையா, அரசா என்பதை மட்டும் கூறவில்லை. பின்னர் அவர் ஜீப்பை நோக்கிக் கைநீட்டினார்.

"இந்தப் பாதகத்தைச் செய்தவர் யார் என்பதைக் காவல்துறை இப்போது அறிவிக்கும்!"

சப்-இன்ஸ்பெக்டர் அற்புதசாமி தொப்பியைச் சரிசெய்துகொண்டு மாலிக்கை ஜீப்பிலிருந்து இறக்கினார். ஆரிஃபா தந்தையின் சட்டையைப் பற்றிக்கொண்டாள். அவர் அவள் கையை மெல்ல விலக்கி, "இரும்மா, போயிட்டு வரேன்," என்றார். கூட்டத்தில் யாரோ, "கையில விலங்கு போடலையா?" என்று குறைபட்டார்.

அருள்நாதன் எழுந்தார்.

"பெருமதிப்பிற்குரிய அவையோருக்கு வணக்கம். அறிவிப்புக்கு முன்னால் ஒரு மகிழ்ச்சியான செய்தியைச் சொல்ல அனுமதிக்க வேண்டுகிறேன். களவுபோன இருபத்துநான்கு இரும்புக் கூண்டுகளும் கிடைத்துவிட்டன."

கரவொலி எழுந்து அடங்க நெடுநேரம் ஆயிற்று. கைதட்டாமல் இருந்தவர் செயலாளர் ஒருவரே.

"எங்கே?" என்றார் அற்புதசாமி.

"இதோ."

மேடையின் முன்னே நின்ற ஒற்றைக் கூண்டைச் சுட்டிக்காட்டினார் அருள்நாதன். கூட்டம் எட்டிப் பார்த்தது. அக்னஸ் ஒரு ரூபாய் நாணயத்தைப் பலகைமீது அழுத்தி இழுத்தாள். பச்சைக்குக் கீழே நீலம் வந்தது. நீலத்துக்குக் கீழே மஞ்சள். அதற்குக் கீழே சிவப்பு, வெள்ளை, மறுபடி பச்சை. அவள் ஒவ்வொன்றாகக் கீறக் கீற, தோலுரிந்த வெங்காயம்போல் ஆண்டுகள் உரிந்து விழுந்தன.

"மரத்தோட வயசை அதன் வளையத்தை எண்ணிச் சொல்றாங்க," என்றார் அருள்நாதன். "இந்தச் சங்கத்தோட வயசைப் பெயிண்ட்டை எண்ணிச் சொல்லலாம். அக்னஸ், அடியில என்ன இருக்குன்னு படிச்சுச் சொல்லும்மா."

"ஜெகபர் சாதிக், பாலக்கரை, 1971," என்று உரக்கப் படித்தாள் அக்னஸ். "செல்வநாயகி முறுக்குக்கு அடியில இரும்பு வியாபாரி. பல்லு போனவங்க சொல்றது சரிதான் போல."

அவையில் சிரிப்பு அலை பாய்ந்தது. அற்புதசாமி சிரிக்கவில்லை. பலகைக்கு அருகே குனிந்து, புகைப்பட வரிசைக்குப் போய், வளைந்த வளையங்களைப் பார்த்துத் திரும்பி வந்தார்.

"ஐயா," என்று செயலாளரிடம் மிக மெதுவாகக் கேட்டார். "எனக்கு ஒரே ஒரு குழி காட்டுங்க. இதைத் தவிர."

சம்பத்குமாரன் அங்கவஸ்திரத்தால் நெற்றியைத் துடைத்தார்.

"கார் இங்கதானே நிக்கறது, ஸ்வாமி," என்றார் ஈனக்குரலில். "செங்கம்பளம் இந்தக் குழி வரைக்கும்தான் வரும். மைக்கு ஒயரும் இவ்வளவுதான். வர்ற பெரிய மனுஷாளைக் கோரைப்புல்லுல நடக்கச் சொல்ல முடியுமா? வருஷா வருஷம் பழைய கன்னை எடுத்துட்டுப் புதுசை வெச்சோம். அதுவும் வளரும்னுதான் ஒவ்வொரு தடவையும் நெனச்சோம். வளரலையே!"

"கூண்டுக்குன்னு புரவலர்கள் கொடுத்தது?"

"பொன்னாடைக்கே பத்தலை."

டாக்டர் லூர்துராணி இத்தனை நேரமும் கூண்டைப் பார்க்கவில்லை. குடையை மடக்கிவிட்டு மேலே பார்த்துக்கொண்டிருந்தார். புங்கமரத்தின் இலைகளினூடே வானம் ஒரு பொட்டுக்கூடத் தெரியவில்லை.

"எப்படி வளரும்?" என்றார். "இவ்வளவு அடர்த்தியான நிழல்ல கொண்டுவந்து நட்டிருக்கீங்க. இருபத்துநாலு தடவை!"

"வெயில்ல சிறப்பு விருந்தினரை நிறுத்தறது அபசாரமில்லையோ?" என்றார் செயலாளர், உண்மையான வேதனையுடன்.

"இந்தப் புங்கம் யார் வெச்சது?"

சங்க உறுப்பினர்கள் அம்மரத்தை அன்றுதான் முதன்முறையாகப் பார்ப்பவர்கள்போல் பார்த்தனர். ஒருவகையில் அது உண்மையே.

"நான்தாங்க," என்றார் அப்துல் மாலிக்.

எஸ்.ஐ.யின் கை இன்னும் அவர் தோள்மேல் இருந்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் பேசினார். "சங்கமெல்லாம் வர்றதுக்கு முன்னாடி. அப்ப லாரி ஏதுங்க? வண்டி மாடுதான் மரம் இழுத்துட்டு வரும். வந்து நிக்க ஒரு நிழல் வேணாமா? அதுக்காக வெச்சேன். மாடு போயிடுச்சு. அப்புறம் இவங்க வந்தாங்க."

அக்னஸ் பெருமுயற்சி செய்து வாயை மூடிக்கொண்டாள்.

அற்புதசாமி தோள்மீதிருந்த கையை எடுத்தார். "புகாரை என்ன பண்றதுங்க, ஐயா? இருபத்துநாலு மரம் திருட்டுன்னே வெச்சுக்கலாமா? அப்ப நான் கூண்டு நன்கொடையிலேருந்து விசாரிச்சிட்டு வரணும்."

"வாபஸ்! வாபஸ்!" என்றார் சம்பத்குமாரன். "அடியேன் இந்த க்ஷணமே எழுதித் தரேன்."

எழுதியும் தந்தார். ஆரிஃபா ஓடி வந்து தந்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள். இம்முறை அவர் விலக்கவில்லை. டாக்டர் லூர்துராணி வாளியோடு வேப்பங்கன்றைத் தூக்கிக்கொண்டு, வெயிலில் கிடந்த திடலின் நடுவே விறுவிறுவென்று நடக்கத் தொடங்கினார். "கடப்பாரை எடுத்துட்டு வாங்க யாராவது," என்று திரும்பிப் பாராமலே குரல் கொடுத்தார். சங்கத்தின் துணைத்தலைவர்கள் செங்கம்பளத்தின் விளிம்பு வரை சென்று, அதற்கப்பால் உலகம் எவ்வாறு இருக்குமோ என்று தயங்கி நின்றனர். எருமை மட்டும் டாக்டருக்கு வழிவிட்டது.

எனினும் சம்பத்குமாரன் எளிதில் வீழ்பவரல்லர். எழுபத்தேழு வெள்ளத்தையே வென்ற சங்கத்தின் செயலாளர் அவர். ஒலிபெருக்கியை மறுபடியும் பற்றினார்.

"அவையோர் கவனிக்கணும்! இந்தப் புங்க விருட்சத்தின் நிழலில்தான் சங்கம் இருபத்தைந்து ஆண்டுகள் வளர்ந்தது. ஆகவே ஜனாப் அப்துல் மாலிக் அவர்களை இன்று முதல் சங்கத்தின் ஆயுள் உறுப்பினராக ஏகமனதாக ஏற்கிறோம். ஆயுள் உறுப்பினரின் மரம், சங்கத்தின் மரமே! வெள்ளிவிழா மரம்! பொன்னாடை கொண்டு வாங்கோ!"

கரவொலி எழுந்தது. கைதட்டுவதற்குப் பழகிய அவை அது. காரணம் கேட்டுப் பழகியதன்று.

"சார்," என்றாள் அக்னஸ். "காலையில இவரு மரத்தைத் திருடினார்னு சொன்னாங்க. இப்ப யாரு யாரோட மரத்தை எடுத்துட்டுப் போறா?"

"பொறு. அவர் என்ன செய்யறார்னு பார்ப்போம்," என்றார் அருள்நாதன்.

அப்துல் மாலிக் பொன்னாடையை வாங்கிக்கொள்ளவில்லை. டிப்போவுக்குள் சென்றார். திரும்பி வந்தபோது அவர் கையில் ஆணி பிடுங்கும் சுத்தியல் இருந்தது. கூட்டம் இருபுறமும் விலகியது. அவர் எவரையும் பார்க்காமல் மரத்தடிக்குப் போய், சாறு உறைந்திருந்த இடத்தை உள்ளங்கையால் தடவினார். பிறகு முதல் ஆணியைப் பிடுங்கினார். அடுத்ததை. அதற்கடுத்ததை. இடப்பக்கத்துக் கடைசி ஆணி கழன்றதும், "மரம் உயிர்; அதை வருத்தாதீர்" என்ற பதாகை மேடையிலிருந்த நிர்வாகக் குழுவினரின் தலைமேல் கனமாகச் சரிந்து இறங்கியது. துணிக்குள்ளிருந்து பல முக்கியப் பிரமுகர்களின் குரல்கள் ஒருசேரக் கேட்டன. ஆயுள் உறுப்பினர் அவசரமின்றி மறுபுறம் சென்று வலப்பக்கத்து ஆணிகளையும் பிடுங்கி முடித்தார்.

சம்பத்குமாரன் பதாகையின் ஓரத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே தலையை நீட்டினார். மாலிக் அவருக்கு எதிரே வந்து நின்று, அவருடைய உள்ளங்கையை மரியாதையோடு விரித்து, ஆணிகள் அனைத்தையும் அதில் வைத்து மூடினார்.

"இது உங்க சங்கத்தோடதுங்க. எண்ணிப் பார்த்து வெச்சுக்குங்க. நாளைக்குக் காணோம்னு புகார் கொடுத்துடாதீங்க."